சாய்மானம்

வால்டிவியாவில், அதிகாலை மூன்றே முக்காலுக்கு,
தரை ஒருமுறை தோளைக் குலுக்கியது.
பெரிதாக ஒன்றுமில்லை.
தட்டுகள் சிணுங்கின. விளக்கு ஆடி நின்றது.
ஆணியில் தொங்கிய மரப்பெட்டி மட்டும்
விழுந்தது.

அதற்குள் ஆறு முட்டைகள்.
ஒவ்வொன்றிலும் பென்சிலால் தேதி போட்டிருந்தேன்,
சால்மன் பெட்டிகளில் எழுதியெழுதி
வேறு எதையும் தேதியில்லாமல் நம்பாத கை.

மொஸ்தாசா, என் கடுகுமஞ்சள் பட்ஜி,
இருட்டில் சுவரெல்லாம் மோதிவிட்டு
திரைச்சீலையில் தலைகீழாய்த் தொங்கினாள்.
நீலன் டின்டா கூண்டுக் கம்பியில் ஒட்டிக்கொண்டு
மூச்சுவிட மறந்திருந்தான்.
டார்ச்சின் மேல் கைக்குட்டையைச் சுற்றினேன்.
மரத்தூளில் இரண்டு உடைந்திருந்தன.
மூன்று முழுசு.
ஒன்றில் மயிரிழைக் கீறல்,
உள்ளே ஈரம் இன்னும் கசியவில்லை.

மாடியிலிருந்து எடூலியா இறங்கிவந்தாள்,
இரவு உடைமேல் மழைக்கோட்டு,
நான் உயிரோடு இருக்கிறேனா பார்க்க.
"நகப்பூச்சு இருக்கா?" என்றேன்.
"இந்நேரத்தில் யாருக்கடி அலங்காரம்?"
என்றாலும் ஏறிப்போய்க் கொண்டுவந்தாள்.
நிறமில்லாதது தீர்ந்துவிட்டதாம்.
சிவப்புதான்.
கீறலின் மேல் மட்டும், ஓர் இழை,
முட்டை மூச்சுவிட மிச்ச ஓட்டைத் தொடாமல்.

பிளந்த மூலையை நிபால்தோவின் தூண்டில் கயிற்றால் கட்டினேன்.
குழிவில் மரத்தூளைப் பரப்பினேன்.
அதே சுவர், அதே ஆணி,
துளை அதே ஜன்னலைப் பார்க்க.
ஒரு விரற்கடை தள்ளினாலும்
அவளுக்கு அது அடுத்த வீட்டுக்காரியின் வீடு.
நான்கையும் உள்ளே வைத்தேன்.
கையில் இருந்த சூடு
எனக்கே போதவில்லை.

பிறகு செய்ய ஒன்றும் இல்லை, அதுதான் கஷ்டம்.
அடுப்பில் ஒரு விறகு, விளக்கை அணைத்து,
சமையலறையில் அந்த அறைக்கு முதுகு காட்டி
இருவரும் ஒரே குடுவையில் மாத்தே உறிஞ்சினோம்.
கூரையில் மழை.
எடூலியா ஏதோ கேட்டாள்,
நான் இறகுச் சத்தத்துக்குக் காது கொடுத்திருந்தேன்.
வரவில்லை.
கால் மணி. அரை மணி.
முட்டைகள் ஆறிக்கொண்டிருக்கும்.

நாலு இருபதுக்கு மறுபடி.
எடூலியா கதவு நிலைக்கு ஓடினாள்,
சின்ன வயதிலிருந்தே இங்கு எல்லோரும் ஓடுவதுபோல.
நான் பெட்டிக்கு ஓடினேன்.
இரு உள்ளங்கையாலும் அதைச் சுவரோடு அழுத்தினேன்.
வீடு ஆடியது, நான் ஆடினேன்,
பெட்டி ஆடவில்லை.
அப்போது, பலகைக்கு அந்தப் பக்கம்,
நகம் ஒன்று பிறாண்டியது.
பிறகு ஓர் உறுமல்,
என்னைத்தான் திட்டினாள்.
எப்போது உள்ளே போனாள், தெரியாது.
இந்தமுறை பறக்கவில்லை.

காலையில் நிபால்தோ படகிலிருந்து அழைத்தான்.
"வீடு எப்படி?"
"நாலு முட்டை," என்றேன்.
மறுமுனையில் கடல் கொஞ்ச நேரம் இரைந்தது.

மூன்று பொரிந்தன, ஒன்றுவிட்ட ஒருநாள்.
சிவப்புக் கோட்டுக்காரன் பொரியவில்லை.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்,
நரம்பில்லை, மஞ்சள் கலங்கல் மட்டும்.
"கூமுட்டை, தூக்கிப்போடு," என்றாள் எடூலியா,
சிவப்புக்கு ஒருவாறு உரிமைக்காரி.

போடவில்லை.
கடைசியாய்ப் பிறந்தது, இறகில்லாத இளஞ்சிவப்பு,
தலை உடம்பைவிடக் கனம்.
அண்ணன்மார் மிதித்துத் தள்ளிய மூலையில்
அந்த முட்டைமேல்தான் கழுத்தைச் சாய்த்து
வாய் திறந்து காத்திருந்தது.
அம்மா எழுந்துபோகும் நேரத்திலும்
அதில் கொஞ்சம் வெதுவெதுப்பு மிச்சமிருந்தது.

பதினொன்றாம் நாள் நிபால்தோ வந்தான்,
உடம்பெல்லாம் டீசல் வாசனை.
ஆணி இருந்த இடத்தில் நான்கு திருகாணிகள்.
பெட்டியை அசைத்துப் பார்க்கக் கை நீட்டினான்,
தட்டிவிட்டேன்.
"இந்த வீட்டிலேயே உறுதியாய் நிற்பது
இதுதான் போல," என்றான்.
பிறகு, மூடியை, கொஞ்சம் மட்டும், என்று கெஞ்சினான்.

நாளைக்கு, என்றேன்.
இன்றைக்கு ஒருமுறை திறந்தாகிவிட்டது.